ஒலிக்கு ஒற்றை விருது: திரைக்குப் பின்னே மறையும் உழைப்பு

புதுதில்லி: தேசியத் திரைப்பட விருதுகளின் விதிமுறைகளைச் சீரமைக்க மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் அமைத்த குழுவின் பரிந்துரைகள் 2024-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் வெளியானபோது, இரு பெயர்களைப் பற்றியே நாடெங்கும் விவாதம் நடந்தது. சிறந்த அறிமுக இயக்குநருக்கான விருதிலிருந்து இந்திரா காந்தியின் பெயரும், தேசிய ஒருமைப்பாட்டுப் படத்துக்கான விருதிலிருந்து நர்கீஸ் தத்தின் பெயரும் நீக்கப்பட்டன. அரசியல் கட்சிகள் கருத்துத் தெரிவித்தன, நாளேடுகள் தலைப்பிட்டன.

அதே பரிந்துரைகளில் இடம்பெற்ற மற்றொரு மாற்றம் ஏறத்தாழ யாருடைய கவனத்தையும் ஈர்க்காமல் கடந்து போனது. படப்பிடிப்புத் தள ஒலிப்பதிவாளர், ஒலி வடிவமைப்பாளர், இறுதி ஒலிக்கலவையாளர் என மூன்று பிரிவுகளாக வழங்கப்பட்டு வந்த ஒலிப்பதிவு விருது, ‘சிறந்த ஒலி வடிவமைப்பு’ என்ற ஒரே விருதாகச் சுருக்கப்பட்டது. பரிசுத் தொகை ரூ.2 லட்சமாக உயர்த்தப்பட்டது. ஆனால் அது ஒலி வடிவமைப்பாளருக்கு மட்டுமே உரியது என்று முடிவாயிற்று.

பெயர் நீக்கத்தில் அரசியல் இருந்தது. அதனால் அது பேசப்பட்டது. ஒலிக்கலைஞர்களின் விருது சுருக்கப்பட்டதில் இருந்தது உழைப்பின் பிரச்சினை. ஒரு திரைப்படத்தின் ஒலியை உருவாக்குவோர் யார், அவர்களுள் யாருடைய பணியை அரசு அங்கீகரிக்கிறது என்ற கேள்வி அதில் அடங்கியிருக்கிறது. சீரமைப்புக் குழுவின் உறுப்பினர்களாகச் செய்திகளில் வெளியான பெயர்களில் இயக்குநர்கள் பிரியதர்ஷன், ஹவோபம் பபன் குமார், தயாரிப்பாளர் விபுல் ஷா, தணிக்கை வாரியத் தலைவராக அப்போதிருந்த பிரசூன் ஜோஷி, ஒளிப்பதிவாளர் எஸ். நல்லமுத்து ஆகியோரும் அமைச்சக அதிகாரிகளும் இருந்தனர். ஒலித்துறையைச் சேர்ந்தவர் ஒருவர் பெயரும் அதில் காணப்படவில்லை.

மூன்று கட்டங்கள்

திரையரங்கில் அமர்ந்திருப்பவரின் காதில் விழும் ஒலி மூன்று தனித்தனிக் கட்டங்களைக் கடந்து வருகிறது.

முதற்கட்டம் படப்பிடிப்புத் தளத்தில் நிகழ்கிறது. நடிகர் பேசும் சொற்களை அவர் பேசும் கணத்திலேயே பதிவு செய்வது தள ஒலிப்பதிவாளரின் பொறுப்பு. நீண்ட கழியின் முனையில் கட்டிய மைக், நடிகரின் சட்டைக்குள் மறைத்து வைக்கும் சிறு மைக் ஆகியவற்றைக் கொண்டு, கேமராவின் பார்வையில் படாமலும் நிழல் விழாமலும் அவர் குரலைப் பிடிக்க வேண்டும். ஜெனரேட்டரின் இரைச்சல், மின்விசிறியின் சுழற்சி, தெருவில் செல்லும் வண்டியின் ஹாரன், வேடிக்கை பார்க்கும் கூட்டத்தின் பேச்சு என அத்தனையும் அவருக்கு எதிரிகள். காட்சி முடிந்த பிறகு அனைவரையும் அசையாமல் நிற்கச் சொல்லி, அந்த அறையின் அல்லது வெளியின் வெறும் அமைதியையும் அவர் பதிவு செய்து கொள்கிறார். ஓர் அறையின் அமைதியும் மற்றோர் அறையின் அமைதியும் ஒன்றல்ல; வசனங்களுக்கு இடையிலான இடைவெளியை நிரப்ப அந்த அறைக்கே உரிய அமைதி தேவைப்படுகிறது.

இரண்டாவது கட்டம், படத்தொகுப்புக்குப் பின்னர் ஒலிக்கூடத்தில் நிகழ்வது. காலடி ஓசை, துணியின் சரசரப்பு, பாத்திரம் உருளும் சத்தம் முதலியவற்றைத் திரையில் ஓடும் காட்சியைப் பார்த்தபடியே கலைஞர்கள் புதிதாக எழுப்பிப் பதிவு செய்கின்றனர். அமெரிக்காவின் யுனிவர்சல் ஸ்டுடியோவில் இம்முறையை வளர்த்த ஜாக் ஃபோலியின் பெயராலேயே இது ‘ஃபோலி’ என வழங்குகிறது. இவற்றோடு சூழலின் ஒலிகளையும் தேர்ந்து அடுக்கி, எந்த இடத்தில் எது கேட்க வேண்டும், எது கேட்கக் கூடாது என்று தீர்மானிப்பவர் ஒலி வடிவமைப்பாளர். ஒரு கிராமத்து இரவு என்றால் எந்தப் பூச்சியின் ஒலி, எவ்வளவு தொலைவில் நாய் குரைப்பு, எப்போது அவை நின்றுபோக வேண்டும் என்பதெல்லாம் அவருடைய முடிவுகள்.

மூன்றாவது கட்டம் இறுதிக் கலவை. வசனம், இசை, பிற ஒலிகள் ஆகிய மூன்றையும் ஒன்றுசேர்த்து, ஒன்றை மற்றொன்று விழுங்காதபடி சமன் செய்து, அரங்கின் ஒவ்வொரு ஒலிபெருக்கிக்கும் பிரித்துக் கொடுப்பது கலவையாளரின் பணி. விருதுப் பட்டியலில் ‘ரீ-ரெக்கார்டிஸ்ட்’ எனக் குறிப்பிடப்பட்டவர் இவரே. தமிழ்த் திரையுலகில் ‘ரீ-ரெக்கார்டிங்’ என்றால் பின்னணி இசைச் சேர்ப்பு என்று பொருள். அதனால் இந்த விருது இசையமைப்பாளருக்கு உரியது என்று எண்ணியோரும் உண்டு.

மூன்று கட்டங்களும் வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு கருவிகளைக் கொண்டு நிகழ்கின்றன. சில படங்களில் ஒருவரே இரு பொறுப்புகளை ஏற்பதுண்டு. எனினும் வெயிலில் மைக் ஏந்தி நிற்பவரின் திறமையும், இருண்ட கூடத்தில் கலவை மேசைமுன் அமர்பவரின் திறமையும் ஒன்றல்ல.

இரவில் பேசிய படம்

இந்தியத் திரைப்படம் பேசத் தொடங்கியபோதே ஒலிப்பதிவாளரின் துன்பமும் தொடங்கிவிட்டது. 1931-ஆம் ஆண்டு மார்ச் 14 அன்று பம்பாய் மெஜஸ்டிக் அரங்கில் வெளியான ‘ஆலம் ஆரா’, நாட்டின் முதல் பேசும் படம். அர்தேஷிர் இரானியின் இம்பீரியல் நிறுவனம் தயாரித்த அப்படத்தின் ஸ்டுடியோவுக்கு அருகிலேயே ரயில் பாதை இருந்தது. ஒலிபுகாச் சுவர்கள் அக்காலத்தில் இல்லை. ஆகவே ரயில் போக்குவரத்து ஓய்ந்த நள்ளிரவுக்குப் பிறகு, ஒரு மணி முதல் நான்கு மணி வரையில்தான் பெரும்பாலான காட்சிகள் எடுக்கப்பட்டன. நடிகர்களுக்கு அருகில் பார்வைக்குத் தெரியாத இடங்களில் மைக்குகள் மறைத்து வைக்கப்பட்டன. அதே ஆண்டு அக்டோபரில் வெளியாகித் தமிழின் முதல் பேசும் படமாகப் போற்றப்படும் ‘காளிதாஸ்’, இரானியின் அதே நிறுவனத்தில் உருவானதே. ‘ஆலம் ஆரா’வின் ஒரு பிரதிகூட இன்று எஞ்சவில்லை. நாட்டின் முதல் பேசும் படத்தின் குரலைக் கேட்க இந்தியருக்கு வழியில்லை.

1935-இல் கல்கத்தா நியூ தியேட்டர்ஸ் நிறுவனம் பின்னணிப் பாடல் முறையைப் புகுத்தியபோது பாட்டு நடிகரின் தொண்டையிலிருந்து பிரிந்தது. பிற்காலத்தில் பேச்சும் பிரிந்தது. எடை குறைந்த, ஆனால் ஓடும்போது பெருத்த சத்தமெழுப்பும் கேமராக்கள் 1960-களில் பரவலான பின்னர், தளத்தில் பதிவாகும் குரல் வெறும் வழிகாட்டியாக மட்டுமே பயன்பட்டது. படம் முடிந்தபின் டப்பிங் கூடத்தில் நடிகர் மீண்டும் பேசினார். பல சமயங்களில் அவருக்குப் பதிலாக வேறொருவர் பேசினார்.

இதனால் தயாரிப்பாளருக்கு வசதி கூடிற்று. படப்பிடிப்பு விரைந்து நடந்தது. தளத்தில் அமைதி காக்க வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. இழந்தது வேறு. காட்சி நிகழ்ந்த கணத்தின் மூச்சும் தடுமாற்றமும், ஊருக்கு ஊர் வேறுபடும் பேச்சின் இயல்பும் குளிரூட்டப்பட்ட கூடத்தில் மீண்டும் உண்டாகவில்லை. மொழி அறியாத நடிகையரைக் கொண்டு படமெடுப்பது எளிதாயிற்று. தள ஒலிப்பதிவு என்ற கலையே ஒரு தலைமுறைக் காலம் வணிகப் படங்களிலிருந்து ஏறத்தாழ மறைந்தது.

சாட்டையும் ஊஞ்சலும்

எனினும் ஒலியை ஒரு மொழியாகக் கையாண்டோர் எக்காலத்திலும் இருந்தனர். சத்யஜித் ரேயின் ‘பதேர் பாஞ்சாலி’யில் (1955), நீண்ட நாள் கழித்து வீடு திரும்பும் ஹரிஹர், மகள் துர்காவுக்காக வாங்கி வந்த புடவையை எடுத்துக் காட்டுகிறார். மகள் இறந்துவிட்டாள் என்பதை அவர் அறியமாட்டார். தாய் சர்வஜயா வாய்விட்டு அலறுகிறாள். அந்த அலறல் கேட்பதில்லை. அதன் இடத்தில் தார்ஷெனாய் என்னும் நரம்புக் கருவியின் உச்சநாதம் எழுகிறது. ஒரு குரலை அகற்றியதன் மூலம் அத்துயரத்தை ரே பன்மடங்காக்கினார்.

ரித்விக் கட்டக்கின் ‘மேகே டாகா தாரா’ (1960), நாட்டுப் பிரிவினையால் கல்கத்தாவின் அகதிக் குடியிருப்பில் ஒதுங்கிய ஒரு குடும்பத்தின் கதை. குடும்பத்தைத் தாங்கும் மூத்த மகள் நீதா, தன்னை மணப்பதாக இருந்தவன் வேறொரு பெண்ணுடன் இருப்பதை அறிந்து படியிறங்கும்போது சாட்டையடியின் ஓசை கேட்கிறது. அங்கே சாட்டையும் இல்லை, அடிப்பவரும் இல்லை. அந்த அடி யார் கொடுத்தது என்பதைப் படம் முழுவதும் கண்டவர் அறிவர்.

இது கலைப்படங்களுக்கு மட்டுமே உரிய நுட்பமன்று. ‘ஷோலே’யில் (1975) தாக்கூரின் குடும்பம் அழிக்கப்படும் காட்சியில் ஊஞ்சல் சங்கிலியின் கிறீச்சொலி கேட்டுக்கொண்டே இருக்கிறது. கப்பர் சிங்கின் முகம் தெரியும் முன்பே பாறையில் உரசும் அவனது தோல்வாரின் ஒலி கேட்கிறது. படத்தின் ஒலிக்கலவையில் பங்காற்றிய மங்கேஷ் தேசாய், பம்பாய் ராஜ்கமல் கலாமந்திர் ஒலிக்கூடத்தின் கலைஞர். ரே தம் படங்களின் கலவையையும் அவரிடம் ஒப்படைத்தார். படத்தின் வசனங்களை மனப்பாடமாகச் சொல்பவர் லட்சக்கணக்கில் உண்டு. தேசாயின் பெயரை அறிந்தவர் மிகச் சிலர்.

‘ஒலி வடிவமைப்பு’ என்ற தொடர் உலகில் நிலைபெற்றதும் அக்காலத்திலேதான். வியட்நாம் போரைப் பற்றிய பிரான்சிஸ் போர்டு கொப்பளாவின் ‘அப்போகாலிப்ஸ் நவ்’ (1979) படத்தில் வால்டர் மர்ச் ஆற்றிய பணி, ஒளிப்பதிவாளருக்கு இணையான ஒரு கலைஞர் ஒலித்துறைக்கும் உண்டு என்ற எண்ணத்தை ஊன்றியது. மின்விசிறியின் சுழற்சி ஹெலிகாப்டரின் இறக்கையொலியோடு கலக்கும் அதன் தொடக்கக் காட்சி இன்றும் திரைப்படப் பள்ளிகளில் பாடமாக இருக்கிறது.

தளத்துக்குத் திரும்பிய மைக்

இந்தி வணிகப் படங்களில் தள ஒலிப்பதிவு மீண்டும் வேரூன்றியதற்கு 2001-ஆம் ஆண்டைக் குறிப்பிடலாம். ‘லகான்’, ‘தில் சாஹ்தா ஹை’ ஆகிய இரு படங்களும் அம்முறையில் எடுக்கப்பட்டன. குஜராத்தின் கட்ச் பகுதியில், நூற்றுக்கணக்கான கிராம மக்கள் பங்கேற்ற ‘லகான்’ படத்தின் குரல்களை அங்கேயே பதிவு செய்வது எளிய செயலன்று. அப்படத்துக்கான தேசிய விருதை நகுல் காம்தேயும் சென்னையைச் சேர்ந்த எச். ஸ்ரீதரும் பகிர்ந்து கொண்டனர். ‘மகாநதி’, ‘தில் சே’ ஆகிய படங்களுக்காக முன்னரே தேசிய விருது பெற்றிருந்த ஸ்ரீதர், 2008 டிசம்பரில் காலமானார்.

அதன்பின் சில மாதங்களிலேயே இந்திய ஒலிக்கலைஞர் ஒருவரின் பெயர் உலகெங்கும் ஒலித்தது. ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ படத்துக்காக 2009 பிப்ரவரியில் ரசூல் பூக்குட்டி ஆஸ்கர் விருது பெற்றார். கேரளத்தின் கொல்லம் மாவட்டத்திலுள்ள விளக்குப்பாறை என்னும் சிற்றூரில் பிறந்து, புனே திரைப்படக் கல்லூரியில் பயின்ற அவர், மும்பையின் நெரிசல் மிகுந்த தெருக்களில் அப்படத்தின் ஒலியைப் பதிவு செய்தவர். இங்கு கருத வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இறுதிக் கலவை செய்த இயான் டாப், ரிச்சர்ட் பிரைக் ஆகிய இருவருடன் சேர்த்தே அவருக்கு விருது வழங்கப்பட்டது. தள ஒலிப்பதிவாளர் என்ற தகுதியில்தான் அவர் அந்த மேடையில் ஏறினார். இந்தியாவில் இப்போது சுருக்கப்பட்ட விதியின்படி பார்த்தால், அப்பணிக்கென்று தனி விருதே கிடையாது.

2009-ஆம் ஆண்டுப் படங்களுக்கான தேசிய விருதுகளிலிருந்து ஒலிப்பதிவு விருது மூன்றாகப் பிரிக்கப்பட்டது. அவ்வாண்டில் ‘கமீனே’ படத்தின் தள ஒலிப்பதிவுக்காகச் சுபாஷ் சாஹுவும், ‘கேரள வர்மா பழசிராஜா’வின் ஒலி வடிவமைப்புக்காக ரசூல் பூக்குட்டியும், ‘3 இடியட்ஸ்’ படத்தின் இறுதிக் கலவைக்காக அனுப் தேவும் பரிசு பெற்றனர். மூன்று பணிகளும் மூன்று கலைகள் என்பதை அரசே ஏற்றுக்கொண்டதன் அடையாளமாக அது அமைந்தது.

சிறுமொழிகளுக்குக் கிடைத்த இடம்

பிரிக்கப்பட்ட விருது எங்கெல்லாம் சென்று சேர்ந்தது என்பதைப் பார்த்தால், சுருக்கப்பட்டதன் இழப்பு விளங்கும்.

2017-ஆம் ஆண்டுப் படங்களுக்கான தள ஒலிப்பதிவு விருது ‘வில்லேஜ் ராக்ஸ்டார்ஸ்’ என்ற அஸ்ஸாமிய மொழிப் படத்துக்காக மல்லிகா தாஸுக்குக் கிடைத்தது. இயக்குநர் ரீமா தாஸ் தம் சொந்தக் கிராமத்தில், அவ்வூர்ச் சிறுவர்களையே நடிக்க வைத்து, விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களைக் கொண்டு எடுத்த படம் அது. அதே ஆண்டில் ஒலி வடிவமைப்பு, கலவை ஆகிய இரு விருதுகளும் ‘வாக்கிங் வித் த விண்ட்’ என்ற லடாக்கி மொழிப் படத்துக்குச் சென்றன. 2018-இல் மராத்தி மொழியின் ‘தெண்டல்யா’, 2019-இல் ஷில்லாங்கின் சந்தையைக் களமாகக் கொண்ட ‘இயூதூ’ என்ற காசி மொழிப் படம், 2021-இல் மலையாளத்தின் ‘சவிட்டு’ ஆகியவை தள ஒலிப்பதிவுக்காகத் தேர்வாயின. கல்கத்தாவின் தாப்பா குப்பைமேட்டில் வாழ்வோரைக் காட்டிய வங்கப் படமான ‘ஜில்லி’ 2021-இன் ஒலி வடிவமைப்பு விருதைப் பெற்றது.

தமிழுக்கும் இதில் பங்குண்டு. 2019-ஆம் ஆண்டின் இறுதிக் கலவைக்கான விருது ரா. பார்த்திபனின் ‘ஒத்த செருப்பு சைஸ் 7’ படத்துக்கு வழங்கப்பட்டது. காவல் நிலையத்தில் விசாரிக்கப்படும் ஒரே ஒரு மனிதரைத் தவிர, அப்படத்தில் வேறு எவரையும் திரையில் காண முடியாது. விசாரிக்கும் அதிகாரிகளும் மற்றவர்களும் குரல்களாகவே வந்து போகின்றனர். ஒலி இல்லையேல் அப்படமே இல்லை.

பெரும் செலவில் எடுக்கப்படும் படத்துக்கு ஒலிக்கூடத்தில் மாதக்கணக்கில் நேரம் கிடைக்கும். நவீனக் கருவிகள் கிடைக்கும். சிறு படத்துக்குக் கிடைப்பது ஒரு பதிவுக் கருவியும் ஓரிரு மைக்குகளும்தாம். அத்தகைய படத்தின் ஒலிக்கலைஞர் போட்டியிடக்கூடிய களமாகத் தள ஒலிப்பதிவு விருது இருந்தது. ஒரே விருதான பின்னர், 2022-ஆம் ஆண்டுப் படங்களில் ‘பொன்னியின் செல்வன்-1’ படத்துக்காக ஆனந்த் கிருஷ்ணமூர்த்தியும், 2023-ஆம் ஆண்டுப் படங்களில் ‘அனிமல்’ படத்துக்காகச் சச்சின் சுதாகரன், ஹரிஹரன் முரளிதரன் ஆகியோரும் தேர்வு பெற்றனர். இவர்களது தகுதியை எவரும் குறை கூற இயலாது. ஈராண்டுத் தேர்வுகளைக் கொண்டு இறுதி முடிவுக்கு வருவதும் முறையன்று. ஆயினும் இரண்டுமே மிகப் பெரிய செலவில் உருவான படங்கள் என்பதைக் கவனிக்காமல் இருக்க முடியாது. ‘அனிமல்’ படத்தின் கலவையாளருக்குச் சிறப்புக் குறிப்பு ஒன்றைத் தனியே வழங்க வேண்டிய நிலை நடுவர் குழுவுக்கு ஏற்பட்டது. நீக்கப்பட்ட பிரிவு பின்வாசல் வழியாகத் திரும்பி வந்தது என்றே இதைக் கொள்ள வேண்டும்.

‘டொள்ளு’ எழுப்பிய கேள்வி

விருதைச் சுருக்கியோர் பக்கமும் நியாயம் உண்டு. ஒரு படத்தின் ஒலி முழுவதற்கும் தலைமை தாங்குபவர் ஒலி வடிவமைப்பாளர். ஆகவே பொறுப்பும் பெருமையும் அவருக்கே சேர வேண்டும் என்பது ஒரு வாதம். பிரிவுகள் பெருகினால் குழப்பமும் பெருகும் என்பது மற்றொன்று. இரண்டாவது வாதத்துக்கு 2022-இல் நிகழ்ந்த ஒன்று வலுச் சேர்த்தது.

அவ்வாண்டு ஜூலை 22 அன்று அறிவிக்கப்பட்ட 68-ஆவது தேசிய விருதுகளில், தள ஒலிப்பதிவுக்கான பரிசு ‘டொள்ளு’ என்ற கன்னடப் படத்துக்குக் கிடைத்தது. தளத்திலேயே குரல் பதிவு செய்யப்பட்ட படங்களுக்கு மட்டுமே உரியது அந்த விருது. ஆனால் அது டப்பிங் செய்யப்பட்ட படம் என்று, அதன் ஒலி வடிவமைப்பாளரான நிதின் லூக்கோஸே வெளிப்படையாகத் தெரிவித்தார். ரசூல் பூக்குட்டியும் இதைச் சுட்டிக்காட்டித் தமது வியப்பைப் பதிவு செய்தார். தளத்தில் பதிவான குரல் எது, கூடத்தில் பேசப்பட்ட குரல் எது என்று பிரித்தறியும் தேர்ச்சி நடுவர் குழுவில் இருந்ததா என்ற கேள்வி எழுந்தது.

கேள்விக்குரிய விடை, தேர்ச்சி பெற்ற ஒலிக்கலைஞர்களை நடுவர் குழுவில் அமர்த்துவதாக இருந்திருக்கலாம். விண்ணப்பத்துடன் தள ஒலிப்பதிவின் மூலக் கோப்புகளைக் கேட்டுப் பெறுவதாக இருந்திருக்கலாம். கிடைத்த விடையோ விருதையே நீக்கிவிடுவதாக அமைந்தது.

அமெரிக்காவும் அவ்வாறே செய்தது என்று எடுத்துக்காட்டுவோர் உண்டு. ஒலிக்கலவை, ஒலித்தொகுப்பு என்று இரண்டாக இருந்த ஆஸ்கர் விருதுகள் 2021-ஆம் ஆண்டு விழாவிலிருந்து ஒன்றாக்கப்பட்டது உண்மை. ஆனால் அங்கே ஒன்றாக்கப்பட்டது விருதே தவிர, கலைஞர்கள் நீக்கப்படவில்லை. முதன்முதலாக அந்த ஒருங்கிணைந்த விருதைப் பெற்ற ‘சவுண்ட் ஆஃப் மெட்டல்’, செவித்திறனை இழக்கும் ஒரு டிரம்ஸ் இசைஞனின் கதை. அதற்காக மேடையேறிய பெயர்கள் ஐந்து. தளத்தில் பதிவு செய்தவர், ஒலியை வடிவமைத்தவர், கலவை செய்தவர் ஆகிய அனைவரும் அதில் அடங்குவர்.

ஒலியளவு யார் கையில்?

அங்கீகாரம் கிடைக்காத இக்கலைஞர்கள் மீது பழி மட்டும் தவறாமல் விழுகிறது. 2024 நவம்பர் 14 அன்று வெளியான ‘கங்குவா’ படத்தில் இரைச்சல் தாங்க முடியவில்லை என்று முதல் நாளே பார்வையாளர்கள் முறையிட்டனர். ஒலியளவை இரண்டு புள்ளிகள் குறைத்து வைக்குமாறு திரையரங்குகளைத் தயாரிப்பாளர் கே.இ. ஞானவேல்ராஜா கேட்டுக்கொள்ள நேர்ந்தது. அப்படத்தோடு தொடர்பில்லாத ரசூல் பூக்குட்டி அப்போது வெளியிட்ட கருத்து, துறையின் நெடுநாள் வேதனையை வெளிப்படுத்தியது. ஒலிக்கலைஞரைக் குறை கூறுவதா, அச்சத்தின் காரணமாகக் கடைசி நிமிடத்தில் அடுக்கடுக்காகச் சொல்லப்படும் திருத்தங்களைக் குறை கூறுவதா என்பதே அவர் கேள்வியின் சாரம்.

திரையரங்க ஒலிக்கருவியில் பூஜ்யம் முதல் பத்து வரை அளவுகள் உண்டு. கலவைக்கூடமும் அரங்கும் ஒரே அளவில் ஒலிக்க வேண்டும் என்பதற்காக, ‘ஏழு’ என்ற அளவு பொது நிலையாக வகுக்கப்பட்டிருக்கிறது. அந்த நிலையில் வைத்தே கலவையாளர் படத்தைச் சமன் செய்கிறார். ஆனால் விளம்பரங்களும் முன்னோட்டங்களும் காதைப் பிளப்பதாலும், முறையீடுகள் வருவதாலும் அரங்க ஊழியர் அதை ஐந்துக்கோ அதற்குக் கீழோ இறக்கிவிடுகிறார். அப்போது வசனம் அமுங்கிப் போகிறது. அரங்குகள் குறைத்துத்தான் வைக்கும் என்பதை அறிந்த தயாரிப்பாளரும் இயக்குநரும் அடுத்த படத்தில் இன்னும் உரக்க வையுங்கள் என்கின்றனர். கலவையாளர் உயர்த்துகிறார், அரங்கு மேலும் குறைக்கிறது. இந்தப் போட்டியில் தோற்பது அமைதி. மெல்லிய ஒலிக்கும் உரத்த ஒலிக்கும் இடையிலான வேறுபாடே ஒலிக்கலையின் உயிர். எல்லாமே உரக்க ஒலிக்கும் படத்தில் எதுவும் கேட்பதில்லை.

இணையவழி வெளியீட்டு நிறுவனங்கள் ஒலியளவுக்கு வரம்பு விதித்திருக்கின்றன. வசனத்தின் சராசரி அளவு குறிப்பிட்ட எல்லைக்குள் இல்லையெனில் நெட்பிளிக்ஸ் போன்ற நிறுவனங்கள் படத்தைத் திருப்பி அனுப்பிவிடும். திரையரங்குகளிலோ ‘ஏழு’ என்ற அளவு ஒரு வழக்கம் மட்டுமே. படத்தின் தன்மையைவிட அரங்க ஊழியரின் கைவிரலே இறுதி முடிவைச் செய்கிறது.

இதோடு காலநெருக்கடியும் சேர்கிறது. வெளியீட்டுத் தேதி முன்கூட்டியே அறிவிக்கப்படுகிறது. படப்பிடிப்பு தாமதமாகிறது; படத்தொகுப்பு தாமதமாகிறது; வரைகலைக் காட்சிகள் கடைசி வாரத்தில் வந்து சேர்கின்றன; பின்னணி இசையும் அவ்வாறே. முன்னர் இழந்த நாட்கள் அனைத்தும் வரிசையின் கடைசியில் நிற்கும் ஒலிக்கூடத்தின் கணக்கிலேயே கழிக்கப்படுகின்றன. இரவு பகலாக விழித்துக் கலவை முடிப்போரின் பெயர்கள், அரங்கு காலியாகும் நேரத்தில் திரையில் ஓடி மறைகின்றன.

கேட்கும் உரிமை

ஒலி என்பது கலை நுட்பம் பற்றிய செய்தி மட்டுமன்று. பார்வைத்திறன் இல்லாதோருக்கு ஒரு திரைப்படம் என்பதே அதன் ஒலிதான். 2023 ஜனவரியில் ‘பதான்’ படம் தொடர்பான வழக்கில், இணையவழி வெளியீட்டுக்காக ஒலிவிளக்கமும் வசன எழுத்துக்களும் தயாரிக்குமாறு தில்லி உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. பார்வைத்திறன், செவித்திறன் குறைந்தோர் திரையரங்குகளில் படம் காண்பதற்கான வழிகாட்டு நெறிகளைத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2024 மார்ச் 15 அன்று வெளியிட்டது. தேசிய விருதுக்கு விண்ணப்பிக்கும் கதைப்படங்கள் 2025 ஜனவரி முதல் ஒலிவிளக்கக் கோப்பையும் இணைக்க வேண்டும் என்று அதில் விதிக்கப்பட்டது.

வசனங்களுக்கு இடையிலான சிறு இடைவெளிகளில், படத்தின் ஒலியைக் கெடுக்காமல் காட்சியை விளக்கிச் சொல்வது எளிதன்று. எந்த இடத்தில் விளக்கம் தேவை, எந்த இடத்தில் படத்தின் ஒலியே போதும் என்பதை அறிந்தவரால்தான் அதைச் செம்மையாகச் செய்ய இயலும். ஒரு கையால் ஒலிக்குப் புதிய பொறுப்புகளைச் சுமத்தும் அரசு, மறு கையால் அத்துறையின் அங்கீகாரத்தைச் சுருக்கியிருப்பது பொருந்தாச் செயலாகும்.

செய்ய வேண்டியவை

இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. விருது ஒன்றாகவே இருக்கட்டும் என்று அமைச்சகம் கருதினாலும், அதைத் தள ஒலிப்பதிவாளர், ஒலி வடிவமைப்பாளர், கலவையாளர் ஆகிய மூவருக்கும் சேர்த்து வழங்குவதில் தடையேதும் இருக்க முடியாது. நடுவர் குழுவில் ஒலித்துறையைச் சேர்ந்த ஒருவரேனும் இடம்பெறுவதைக் கட்டாயமாக்கலாம். சான்றிதழ் வழங்கும் கட்டத்திலேயே, படம் தளத்தில் பதிவானதா அல்லது டப்பிங் செய்யப்பட்டதா என்பதைத் தயாரிப்பாளரிடம் எழுத்து மூலம் பெறலாம். ‘டொள்ளு’ போன்ற குழப்பத்துக்கு அதன்பின் இடமிராது.

புனே, கொல்கத்தா நகரங்களில் மத்திய அரசின் திரைப்படக் கல்லூரிகளும், சென்னையில் தமிழக அரசின் எம்.ஜி.ஆர். திரைப்படக் கல்லூரியும் ஆண்டுதோறும் ஒலிக்கலை மாணவர்களை மக்கள் வரிப்பணத்தில் உருவாக்குகின்றன. அவர்களில் பலர் முதலில் சேரும் வேலை, படப்பிடிப்புத் தளத்தில் மைக் கழியைத் தாங்கி நிற்பது. கை நடுங்காமல், மூச்சும் கேட்காமல் பல மணி நேரம் அவ்வாறு நிற்போர் பெறக்கூடிய தேசிய அங்கீகாரம் ஒன்று 2009 முதல் இருந்தது. அஸ்ஸாமின் ஒரு கிராமத்துக்கும் ஷில்லாங்கின் ஒரு சந்தைக்கும் அது சென்று சேர்ந்தது. அதை மீட்டெடுக்க ஓர் அரசாணை போதும். அதைக் கேட்டுப் பெறுவதற்கு வேண்டிய உரத்த குரல் மட்டும், நாட்டின் குரல்களையெல்லாம் பதிவு செய்யும் இக்கலைஞர்களிடம் இன்னும் உருவாகவில்லை.